தோட்டாவுக்குத் தைத்த நீலச் சட்டை

வாளியில் தண்ணீர் நிரப்பி, உன் மகள் கொண்டுவந்திருந்த தகட்டை அதில் போட்டுப் பார்த்தேன். மிதந்தது. இந்த வயதில் வாளியும் தண்ணீருமாக என்னப்பா விளையாட்டு என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரத்தைத் துடைத்துக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தகடு என்றால் இரும்பு இல்லை. ஆளின் நெஞ்சு அகலம், லேசான வளைவு, ஒரு விரல் தடிமனுக்குச் சற்று மேலே. பட்டாளத்துக்காரர்கள் சட்டைக்குள் செருகிக்கொள்வார்களாம், துப்பாக்கித் தோட்டா நெஞ்சைத் துளைக்காமல் இருக்க. அதைச் செய்கிற தொழிற்சாலையில்தான் அவளுக்கு வேலை. நீ கண்மூடிய பிறகு கிடைத்த வேலை, அதனால் உனக்குத் தெரியாது. செய்த தகடுகளில் சிலவற்றை எடுத்துச் சுட்டுப் பார்த்து, தாங்குகிறதா என்று சரிபார்க்கிற பிரிவு. சுட்டு ஒதுக்கிய ஒன்றைப் பாதியாக அறுத்து எனக்குக் காட்டவென்று எடுத்து வந்திருந்தாள். கையில் வாங்கினேன். கனமே இல்லை. இதுவா தோட்டாவைத் தாங்குகிறது, எதனால் செய்தது என்று கேட்டேன்.

"பாலித்தீன்தான்ப்பா. நம்ம இழுவலை நூலு இருக்குல்ல, அந்த வகைதான்."

அறுத்த விளிம்பை மூக்கின் அருகில் கொண்டுபோனேன். வாசனை மிச்சம் இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. முடிச்சுப் போட்டதும் நூலின் முனையைச் சிம்னி விளக்கில் காட்டி, உருகியதும் விரலால் நசுக்குவாயே, அந்த வாசனை. நைலான் தண்ணீரில் தாழும், இந்த நூல் மிதக்கும், அதை வைத்தே இருட்டில்கூடப் பிரித்துவிடுவேன் என்று நீ பெருமையடிப்பாய். அதனால்தான் வாளியைத் தேடினேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது காரைக்கால்மேட்டுக்கே தெரியும். ஆனால் கடலுக்குப் பயந்தவன் இல்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பும், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்று ஓரளவுக்குக் கணக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் தோற்றவனுக்குக் கடல் மட்டும் கொஞ்சம் பாஸ் மார்க் போட்டிருந்தது. எனக்கு மனிதர்களைக் கண்டால்தான் பயம். கல்யாணமான புதிதில் அந்தப் பயத்துக்கும் வேலை இருக்கவில்லை. எழுபதுகளில் தெற்கே போனால் கடல் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் படகுகள் எதிர்ப்படும், பீடி கேட்பார்கள், கொடுப்போம். சோப்புக் கட்டியை விட்டெறிவார்கள், பிடித்துக்கொள்வோம். ஒருமுறை அப்படி வந்த சோப்பை நீ பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாய், குளிக்க எடுக்கவே இல்லை.

எண்பதுகளின் நடுவில் எல்லாம் மாறிப்போனது. சாம்பல் நிறப் படகு ஒன்று வருகிறது, கேள்வி கேட்காமல் சுடுகிறது என்றார்கள். யாருடையது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவரை, மீன் மேல் போர்த்துகிற தார்ப்பாயில் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்த அன்று நீ ஏலத்தில் எடுத்த மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாய். இறக்கி வைக்கத் தோன்றாமல், கூடையிலிருந்து தண்ணீர் முகத்தில் வழிய வழிய அப்படியே நின்றாய். தார்ப்பாயை விலக்கியபோது நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாய். அதன் பிறகு நான் ஒவ்வொரு தடவையும் படகேறும் முன் வாந்தி எடுத்தேன். நீ தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு முதுகைத் தடவுவாய். ஊருக்குத் தெரியாமல் நாம் வைத்திருந்த ரகசியம் அது ஒன்றுதான்.

படகு உன் அண்ணனுடையது. மச்சானுக்கு அச்சம் என்ற சொல்லே கிடையாது. வாங்கிய கடன் அடையவேண்டும், இறால் தெற்கேதான் கிடைக்கிறது, பயந்தால் பிழைப்பு நடக்காது என்பார். நான் வரவில்லை என்று சொல்லக்கூட அவரிடம் எனக்குப் பயம்.

அப்போதுதான் வடைக்கடையில் சுற்றிக்கொடுத்த வாரப் பத்திரிகைத் தாளைக் கொண்டுவந்து, இதில் இருக்கிற படம் என்ன, வாசியுங்கள் என்றாய். யாரோ தலைவருக்குப் பின்னால் பருத்த சட்டை போட்ட காவலர் நின்றிருந்தார். குண்டு துளைக்காத சட்டை, பல அடுக்குச் செயற்கை நூலால் நெய்தது என்று கீழே போட்டிருந்தது. எண்ணெய்க் கறையில் மற்ற வரிகள் அழிந்துபோயிருந்தன. நான் வாசித்து முடித்ததும் நீ தாளை வாங்கி மடித்தாய்.

"நூலுதானே? நம்மகிட்ட இல்லாத நூலா?"

இந்த உலகத்தில் வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. வலையில் பிறந்து வலையில் வளர்ந்தவளுக்குத்தான் வரும். சுறா இழுத்தும் அறாத நூல், பாறையில் சிக்கியும் படகையே நிறுத்துகிற நூல், தோட்டாவுக்கு மட்டும் அறுந்துவிடுமா என்று கேட்டாய். கிழிந்து ஒதுக்கிய இழுவலையின் நீலப் பின்னலைத் துண்டு துண்டாக வெட்டி, கண்ணுக்குக் கண் மாற்றி அடுக்கினாய். ஓர் அடுக்கின் ஓட்டையை அடுத்த அடுக்கின் முடிச்சு மூடவேண்டும் என்பது உன் கணக்கு. நெஞ்சுக்கு நேராக மட்டும் இன்னும் அடுக்கு. உரச் சாக்கைப் பிரித்து வெளியே உறை, கோணி ஊசியால் தையல். போட்டுப் பார்த்தேன். நிமிர முடியவில்லை, குனியவும் முடியவில்லை. தெருவில் பார்த்தவர்கள் நடமாடும் நெல்மூட்டை என்றார்கள். மச்சான் மட்டும், போகட்டும் விடு, தண்ணீரில் விழுந்தாலாவது மிதப்பான் என்றார்.

சோதித்துப் பார்க்காமல் என்னை அனுப்ப உனக்கு மனமில்லை. தருமபுரத்துப் பக்கம் வயல்களில் கொக்கும் மடையானும் சுடுகிற ஒருவரிடம் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மத்தி மீன் கொடுத்து அவரை அழைத்து வந்தாய். சட்டையைப் பூவரசங்கிளையில் மாட்டினார்கள். அவர் சுட்டார். சத்தம் கேட்டதும் நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ ஓடிப்போய்ச் சட்டையை இறக்கி, உதறினாய். மிளகு உதிர்கிற மாதிரி ஈயக்குண்டுகள் பொலபொலவென்று மண்ணில் விழுந்தன. உள்பக்கத் துணியில் ஒரு கீறல் இல்லை.

உன் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அழுதுகொண்டே சிரித்தாய். மறுநாளிலிருந்து தெருப் பெண்கள் கிழிந்த வலையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் தைத்தாய். காசு வாங்கவில்லை. கட்டைவிரல் இடுக்கில் நூல் அறுத்து ரத்தம் கசிந்ததும் மஞ்சள் வைத்துக்கொண்டு மறுபடி தைத்தாய்.

உண்மையைச் சொன்னால், நான் மிகவும் பயந்தது அந்த நாட்களில்தான். சட்டை இருக்கிறதே என்று ஆண்கள் பேச்சு மாறிப்போனது. முன்பு சாம்பல் படகின் சத்தம் கேட்டதும் திரும்பியவர்கள், இன்னும் ஒரு பாடு வலை போட்டுவிட்டுத் திரும்பலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். மச்சான் இன்னும் தெற்கே போனார். உன்னிடம் சொல்ல வாயெடுப்பேன். நீ தைத்துக்கொண்டிருப்பாய். எப்படிச் சொல்வது?

காரைக்காலில் நீ வாடிக்கையாக மீன் கொடுக்கும் வீடுகளில் ஒன்று சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த மனிதர் எங்கெங்கோ சண்டை பார்த்தவர், வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். நீ பெருமையோடு சட்டையைக் கூடையில் வைத்து எடுத்துப்போய்க் காட்டினாய். அவர் தடவிப் பார்த்துவிட்டு, கொக்கு சுடுகிற குண்டு வேறு, ரைபிள் தோட்டா வேறு, இது அதற்குத் தாங்காது அம்மா என்றாராம். வீட்டுக்கு வந்து கோபமாகச் சொன்னாய். அவர் காலத்தில் இந்த நூல் ஏது, அவருக்கு என்ன தெரியும் என்றாய். ஆனால் அன்று மாலையே என் சட்டையின் நெஞ்சைப் பிரித்து இன்னும் சில அடுக்குகள் வைத்துத் தைத்தாய். நீயும் பயந்துவிட்டாய் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அந்த நாளைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கு மூச்சு இறங்கும். நல்ல வெயில். கூடுதல் அடுக்கு வைத்த பிறகு அந்தச் சட்டைக்குள் வெந்து போவேன். பிளாஸ்டிக்குக்கு வியர்வை குடிக்கத் தெரியாது. வலை இழுக்கிற நேரத்தில் கழற்றி, ஸ்டியரிங் அறையின் பக்கப் பலகையில் ஆணியில் மாட்டினேன். மீன் சேர்கிற வலைமடியை மேலே தூக்குகிறோம், நல்ல பாடு, இறால் துள்ளுகிறது. அப்போது எஞ்சின் சத்தம், நம்முடையது இல்லை. மச்சான் கையைத் தூக்கச் சொன்னார், எல்லோரும் தூக்கினோம். இறாலை அள்ளிக் காட்டினோம், மீன்காரர்கள் என்று தெரியட்டும் என்று. சாம்பல் படகு நிற்கவில்லை. முதல் வெடி தண்ணீரில் விழுந்தது.

எல்லோரும் தளத்தில் படுத்தார்கள். நான் மட்டும் எழுந்தேன். சட்டைக்கு ஓடினேன். சட்டை இருந்தால் உயிர் இருக்கும் என்று அந்த நேரத்தில் முழுதாக நம்பினேன். கையை நீட்டிவிட்டேன், விரல் நுனி உரச் சாக்கில் பட்டது. மச்சான் என் காலைப் பிடித்து இழுத்தார்.

"கெட மாப்ள கீழ."

முகம் இறாலில் அடித்து விழுந்தேன். தலைக்கு மேலே சடக்கென்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை. சட்டை ஆணியில் லேசாக ஆடியது. அவ்வளவுதான். சாம்பல் படகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. வெகுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் என் உடம்பு நனைந்திருப்பது ரத்தமா என்று தடவிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. எது என்று உனக்குத் தெரியும், துவைத்தது நீதான்.

தோட்டா சட்டையின் நெஞ்சில் நுழைந்து முதுகில் வெளியேறி, பின்னால் இருந்த பலகையையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது. நெஞ்சில் நீ கூடுதலாக வைத்த அடுக்குகள், அவற்றின் நடுவே. ஓட்டையின் ஓரம் உருகிப் பளபளத்தது. கரைக்கு வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நீ சட்டையை வாங்கினாய். ஆள்காட்டி விரலை நெஞ்சில் இருந்த ஓட்டைக்குள் விட்டாய். விரல் உள்ளே போனது, போனது, முதுகுப்பக்கம் நுனி வெளியே வந்தது. அந்த நுனியை நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு உன் குரல் வந்தது, அது உன் குரல் மாதிரியே இல்லை.

"என் கையாலயே தச்சுப் போட்டு உங்கள அனுப்பிச்சேனே."

நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். நீ கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாய், சட்டையை எடுத்தாய், தெருவில் இறங்கிவிட்டாய். நீ தைத்துக்கொடுத்த வீடு ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று, விரலை விட்டுக் காட்டி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இது தாங்காது, இதை நம்பி ஆம்பளைகளை அனுப்பாதீர்கள் என்று கேட்டாய். நான் பின்னாலேயே வந்தேன். சிலர் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் திட்டினார்கள். தெருக்கோடி வீட்டுக்காரி மட்டும் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"ஒம் புருசன் வந்துட்டாரு. எம் புருசனுக்கு இதுவும் இல்லன்னா நான் எதப் பாத்துட்டு இருப்பேன்?"

அவளிடமிருந்து மட்டும் வாங்காமல் வந்தாய். அவள் புருஷன் பல வருஷம் அதைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார். அவர் மேல் ஒரு கீறல் விழவில்லை. அந்தச் சட்டைதான் காப்பாற்றியது என்று அவள் கடைசிவரை கோயிலில் கற்பூரம் ஏற்றினாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் நீ தலையைக் குனிந்துகொண்டு போவாய். ஒருவேளை நான்தான் தப்போ என்றுகூட ஒருமுறை கேட்டாய். நான் அந்தப் பலகையில் இருந்த ஓட்டையை நினைத்துக்கொண்டேன்.

திரும்ப வாங்கிய சட்டைகளை எல்லாம் பிரித்தாய். உரச் சாக்கு அடுப்பு விறகைப் போட்டு வைக்கப் போனது. நீலத் துண்டுகளைச் சேர்த்து முடிந்து சின்னதாக ஒரு வலைமடி பின்னினாய். வேட்டுக்குத் தாங்காட்டி என்ன, மீனுக்குத் தாங்கும் என்றாய். மச்சானிடம் நீயே போய்ச் சொன்னாய், இனி என் வீட்டுக்காரர் உங்கள் படகுக்கு வரமாட்டார் என்று. நான் வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கச்சி பேச்சுக்கு மச்சான் எதிர்ப்பேச்சு பேசவில்லை, ஆனால் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டேன். என் காலைப் பிடித்து இழுத்த கை அவருடையது, அவர் எதற்கு வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

அதன்பின் சின்ன வள்ளத்தில், கரைத் தென்னைகளின் தலை தெரிகிற தூரம்தான் நம் கடல். நெத்திலி, சூடை, சில நாள் வெறுங்கை. குழம்பில் புளி அதிகமாகவும் மீன் குறைவாகவும் இருந்தது. நீ குறை சொன்னதில்லை. தென்னந்தலை மறையுற எடத்துக்குப் போனீங்கன்னா திரும்பி வந்து எங்கிட்டதான் சாவணும் என்று மட்டும் சொல்வாய். அப்படியும் பயம் விடவில்லை. இப்போதும் பக்கத்து வீட்டுத் தகரக்கூரையில் தேங்காய் விழுந்தால் கட்டிலிலிருந்து கீழே இறங்கிப் படுத்துவிடுகிறேன். உன் மகள் அதைப் பார்த்துவிட்டுத் தலையணையை எடுத்துக் கொடுத்தாள்.

நீ தோற்றது எங்கே என்று இப்போது அவள் சொல்லித்தான் புரிந்தது. நூல் தப்பில்லையாம். இந்தத் தகட்டுக்கு அந்த நூலை இன்னும் இழுத்து இழுத்து, உள்ளே இருக்கிற இழைகளெல்லாம் ஒரே திசையில் நேராகப் படுக்கிறவரை இழுக்கிறார்களாம். பிறகு முடிச்சே இல்லாமல், கண்ணே இல்லாமல், காகிதம் மாதிரி மெல்லிய தாள்களாக்கி, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சூடாக்கி அழுத்துகிறார்கள். தோட்டா வந்தால் ஒவ்வோர் இழையாக இழுத்துக்கொண்டு போகவேண்டும். போகப் போக அதன் மூக்கு நசுங்கி, வேகம் செத்து நடுவில் நின்றுவிடும். அறுத்த இடத்தில் காட்டினாள். ஈயம் காளான் குடை மாதிரி விரிந்து, தாள்களுக்கு நடுவே சிக்கிக் கிடந்தது. நம் சட்டையில் நூலுக்கு நூல் சந்து இருந்தது. பொடிக்குண்டு அதில் சிக்கிக்கொண்டது, ரைபிள் தோட்டா நூலை ஒதுக்கிவிட்டும் உருக்கிவிட்டும் போய்விட்டது. உன் அம்மா கண்ணுக்குக் கண் மாற்றி அடுக்கினாள் என்று நான் சொன்னதும் உன் மகள் நிமிர்ந்து பார்த்தாள். குறுக்கு நெடுக்காக அடுக்கவேண்டும் என்று அம்மாவுக்கு யார் சொன்னது என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றேன்.

அப்படியென்றால் இது எந்தத் தோட்டாவுக்கும் தாங்குமா என்று கேட்டேன். ஆம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன், கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். அவள் சொல்லவில்லை. சாதாரண ரைபிள் தோட்டா பலவற்றுக்குத் தாங்கும், உள்ளே கெட்டி எஃகு முனை வைத்த தோட்டா வந்தால் இது மட்டும் போதாது, பீங்கான் சேர்த்த கனத் தகடு வேண்டும் என்றாள். கடும் சூட்டில் கிடந்தால் இதன் பலம் குறையும். தாங்கினாலும் பின்பக்கம் புடைக்கும், அந்த இடி விலா எலும்பை முறிக்கலாம். அதனால் பின்னால் களிமண்ணை வைத்துச் சுட்டு, எவ்வளவு ஆழம் பள்ளம் விழுந்தது என்று அளக்கிறார்கள். நம் சட்டையில் பாய்ந்தது எந்தத் தோட்டா, அதை இந்தத் தகடு நிறுத்தியிருக்குமா என்றேன். தெரியாமல் சொல்லமாட்டேன்ப்பா என்றாள். நீ சட்டை தைத்த நாட்களில் யாராவது நம்மிடம் இப்படிப் பேசியிருந்தால், என்று நினைத்தேன். பேசினாரே அந்தத் தோள் இறங்கிய மனிதர். நாம்தான் கேட்கவில்லை.

இன்று காலை ஊருக்குக் கிளம்பினாள். தகட்டைப் பையில் வைக்கும் முன் திருப்பிப் பிடித்து, பின்பக்கப் புடைப்பின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தி, ஒரு கணம் அப்படியே நின்றாள். என்னம்மா செய்கிறாய் என்றேன்.

"பழக்கம்ப்பா. அளக்க மெஷின் இருக்கு. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி விரல வச்சு, போகலன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மூச்சு வரும். பயமாவே இருக்கும், யாரு வீட்டுப் புள்ள போட்டுக்கப் போவுதோன்னு."

சட்டைக் கதையில் சிரிக்கிற பகுதியையும், இப்போது தோட்டா துளைத்ததையும் மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். நீ விரல் விட்டதைச் சொன்னதில்லை. தெருவெல்லாம் நீ ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டியபோது அவள் உன் இடுப்பில் இருந்தாள். பேச்சுக்கூட வராத வயது.

பஸ் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதி முடிக்கிறேன். அந்த ஓட்டையை இத்தனை வருஷம் நான் ஒருவன்தான் சுமந்துகொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன். இல்லை. நீ பயந்த பயம் உன் மகளின் விரலில் இருக்கிறது. அதோடுதான் அவள் ஒவ்வொரு தகட்டையும் தொட்டுப் பார்த்து அனுப்புகிறாள்.